மூன்று முறைக்கு இரண்டு காது

எங்கள் வேலாங்குளத்தைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்வதுதான் நல்லது. பக்கத்து ஊர்க்காரன் சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் உப்புக்கல்கூட வாங்காத ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்விசிறி வாங்குவதற்காக மூன்று விசிறிகளை வரவழைத்து, ஒரே அறையில் ஓடவிட்டு, எதன் காற்று எது என்று தெரியாமல் மூன்றையும் திருப்பிக் கொடுத்தோம். பிள்ளைகள் இன்றைக்கும் பரீட்சை அட்டையால்தான் விசிறிக்கொள்கிறார்கள்.

இந்த ஊரில் மாவு மில் வைத்திருப்பவன் மருதையா. வயது முப்பத்து நான்கு. தங்கமான மனுஷன். ஆனால் இரண்டு காது மடலிலும் வரப்புப் புல் மாதிரி முடி. மில்லில் பறக்கிற மாவெல்லாம் அதில்தான் போய்த் தங்கும். “காதுக்கு வெளிய முளைச்சது உள்ள முளைச்சிருந்தா நான் கலெக்டர்” என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

செண்பகவல்லியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு நின்றது. அவள் டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். காபியைக் கொடுத்துவிட்டு அவன் காதை நேராகப் பார்த்தாள்.

“மாப்பிள்ளையப் பிடிச்சிருக்குப்பா” என்றாள் தன் அப்பாவிடம். “அந்தக் காது முடிய மட்டும் நிரந்தரமா எடுத்துட்டு வரட்டும், ஆவணியில வச்சுக்கலாம். வெட்டி விடுறதெல்லாம் வேணாம். ஏற்கெனவே உங்க காது முடிய வெட்டி வெட்டியே என் கத்தரிக்கோல் மழுங்கிப் போச்சுப்பா.”

அதுவரை ஏழு பெண் பார்த்திருந்தான் மருதையா. பிடித்திருக்கிறது என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

மறுநாளே தோல் டாக்டரம்மாவிடம் போனான். கூடவே சித்தப்பா ஒச்சப்பன், அண்ணன் பெத்தணன், அக்காள் புருஷன் தவசி மூவரும் போனார்கள். எங்கள் ஊரில் பல் பிடுங்கவே நாலு பேர் போவது வழக்கம்.

“எல்லாமே முடிக்குழிக்குள்ள மெல்லிசா ஊசி விட்டு, மின்சாரம் குடுத்துப் பண்றதுதான்” என்றார் டாக்டரம்மா. “கால்வானிக் முறை மெதுவா வேரைக் கரைக்கும், ஒரு முடிக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகும். தெர்மாலிசிஸ் சூட்டுல கருக்கிரும், கண் மூடித் திறக்கிற நேரம்தான். பிளெண்ட்ங்கிறது ரெண்டும் கலந்தது. மூணையும் நல்லா ஒப்பிட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் மில் வாசலில் பஞ்சாயத்து கூடியது.

“முறை மூணு. காது ரெண்டு” என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

“ஒரு காதை ரெண்டாப் பிரிச்சா என்ன?” என்றான் பெத்தணன்.

“எல்லைத் தகராறு வரும் மச்சான். இந்த முறையில போன முடிய அந்த முறைக்காரன் தன்னோடதும்பான்” என்றான் தவசி.

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லைத் தகராறு எங்களுக்குத் தெரியாததா?

“அப்ப இன்னொரு காது வேணும்” என்றான் பெத்தணன். எல்லார் கண்ணும் சித்தப்பா காதுக்குப் போனது. அங்கேயும் அதே குடும்ப வெள்ளாமை, நரைத்துப்போய் நின்றது.

“டேய், இது ஆயுசு முடிடா! இது இருக்கப் போய்த்தான் எமன் என்னைய அண்டாம இருக்கான்.”

“ஒரு காதுதான சித்தப்பா” என்று கெஞ்சினான் மருதையா. “இன்னொரு காதுல பாதி ஆயுசு பத்திரமா இருக்கும்ல.”

சித்தப்பா யோசித்தார். எப்படியும் முக்கால்வாசி ஆயுசு போய்விட்டது. இனிமேல் பாதி கிடைத்தால் லாபம்தானே என்று ஒத்துக்கொண்டார்.

டாக்டரம்மா இரண்டு பேர் காதையும் மாறி மாறிப் பார்த்தார். “கல்யாணம் யாருக்கு?”

“எனக்குங்க.”

“அப்ப இவரு காது எதுக்கு?”

“ஒப்பிட்டுப் பாக்கங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மருதையாவின் வலது காதுக்குக் கால்வானிக், இடது காதுக்குத் தெர்மாலிசிஸ், சித்தப்பாவின் வலது காதுக்குப் பிளெண்ட்.

வலியையும் ஒப்பிட வேண்டுமே? ஆளுக்கு ஆள் வலியை மாற்றிப் பார்க்க முடியாது. ஆகவே இருவரும் “ஐயோ” சொல்வது, யாருடைய ஐயோ நீளம் என்று பெத்தணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. ஊசி வைக்கும் முன்பே சித்தப்பா தன் ஐயோவை ஆரம்பித்துவிட்டதால் பிளெண்ட் முறையின் வலி கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

“காதுல வெயில் படக் கூடாது. கை வைக்கக் கூடாது. திரும்ப முளைக்குதான்னு கவனிங்க” என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

வெயில் படாமல் இருக்க மூன்று காதிலும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டினார்கள். பெத்தணன் காலையிலும் மாலையிலும் சிரட்டையைத் திறந்து, நகை ஆசாரியிடம் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியால் பார்த்து மூடினான். சிரட்டைக்குள் மருதையாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மிளகாயா கேப்பையா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அரைத்தான். அந்த வாரம் ஊரே களி தின்று கண்ணீர் விட்டது.

மாசியில் தொடங்கிப் பல தடவை போய் வந்து, ஆடி பிறந்தபோது மூன்று காதும் பலாக்கொட்டை போல வழுவழுவென்று ஆகிவிட்டன. மருதையா துள்ளினான். ஆனால் தவசி டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தான்.

“இது நிரந்தரந்தானுங்களே?”

“ஒரு வருஷம் போகட்டும். அப்பவும் முளைக்கலைன்னா தைரியமாச் சொல்லலாம்.”

நிரந்தரம் என்றுதானே பெண் கேட்டாள்? பொய் சொல்லிப் பெண் எடுக்கலாமா? ‘அடுத்த ஆடி வரை பொறுக்கவும். காதுகள் காவலில் உள்ளன’ என்று பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகப் பெண்ணின் அப்பா பதில் சொல்லி அனுப்பினார். மருதையா மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

மறுநாள் செண்பகவல்லியே பேருந்தில் வந்து இறங்கினாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதிலோ சிரட்டை. அவள் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“நிரந்தரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்! முடியோடவே கட்டிக்கிறேன்! ஆவணி ஆறாந்தேதி முடியோடவே வந்து சேருங்க!”

கத்திவிட்டு அதே பேருந்தில் திரும்பிப் போய்விட்டாள். கேட்டதைப் பெத்தணன் சிரட்டையைத் தூக்கிச் சொன்னதும் மருதையாவுக்கு உயிர் வந்தது.

“சந்தோஷப்படாதடா” என்றார் சித்தப்பா. “பொண்ணு முடியோட வரச் சொல்லியிருக்கு. நம்மகிட்ட ஏது முடி?”

மருதையாவுக்கு வந்த உயிர் திரும்பிப் போனது.

முடி இல்லாத குட்டு வெளியே தெரியக் கூடாதென்று, ஆவணி ஆறாம் தேதி இரண்டு காதிலும் சிரட்டையோடே மணவறையில் உட்கார்ந்தான். செண்பகவல்லி அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வழுவழுவென்று இரண்டு காதும் வெளியே வந்தன. மருதையா கைகூப்பினான்.

“என்னைய மாதிரி கூமுட்டைய மன்னிச்சிரு செண்பகம். முளைச்சா நீ ரெண்டாவது சொன்னபடி, முளைக்கலைன்னா நீ முதல்ல சொன்னபடி!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கட்டுங்க முதல்ல” என்றாள்.

பூசாரி தாலியை எடுத்து நீட்டினார். “மூணு முடிச்சுப் போடப்பா.”

“பொறுங்க!” என்று எழுந்தான் தவசி. “முடிச்சு மூணா? கழுத்து ஒண்ணுதான இருக்கு?”

எல்லார் கண்ணும் சித்தப்பா பக்கம் திரும்பின. அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு, அதற்குள் மண்டப வாசலைத் தாண்டியிருந்தார்.