காலியாக விடக் கூடாத கட்டம்

தூத்துக்குடியில் அந்த மாலைக் கல்லூரியில் ஆசிரியருக்கு வயது முப்பத்திரண்டு, மாணவிக்கு நாற்பத்து நான்கு. அவர் பெயர் எபனேசர். அவள் பெயர் சுயம்புக்கனி. அவள் அவரை சார் என்பாள், அவர் அவளைக் கனியக்கா என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

படிப்பின் பெயர் மேலாண்மைத் தகவல் அமைப்பு. மூன்று வருடப் பட்டப்படிப்பு. யாருக்கு எது தெரிய வேண்டுமோ, அது அவருக்கு நேரத்தோடு தெரியும்படி செய்வது எப்படி என்று சொல்லித்தருவது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

சுயம்புக்கனி பத்தொன்பது வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் பெயர் பதிகிறவள். பகலில் வேலை, மாலையில் படிப்பு. பேத்தி எடுக்கிற வயதில் காலேஜா என்று அவள் புருஷனே கேலி செய்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் நான்கு மாதம் போனால் பட்டம்.

அந்த வியாழக்கிழமை, வகுப்புக்கு அரைமணி நேரம் முன்பே ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"சார், படிப்ப விடுதேன். அதுக்கு ஒரு ஃபாரம் இருக்குமே, தாங்க."

"உக்காருங்க அக்கா. என்ன ஆச்சு?"

அவள் உட்காரவில்லை.

"என் ப்ராஜெக்ட் ஒரு பொம்பளையக் கொன்னுட்டு சார்."

எபனேசர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

அவள் செய்த ப்ராஜெக்ட், அவள் வேலை பார்க்கும் நிலையத்துக்கே ஒரு பதிவு முறை. நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தாள். ரத்தத்தில் ஏதாவது ஆபத்தான அளவுக்குப் போனால் நோயாளியின் செல்போனுக்கு உடனே செய்தி போகும். முதலாளிக்குப் பிடித்துப்போய் அதையே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். மூன்று மாதமாக ஓடுகிறது.

"யாரு அக்கா அது?"

"சண்முகத்தாய்னு பேரு. உப்பளத்துல வேல. திங்கக்கிழம காலையில காய்ச்சலோட வந்தா. போன் நம்பர் கேட்டேன். போன் கெடையாதும்மான்னா. நம்பர் போடாட்டா ஸ்கிரீன் அடுத்த பக்கத்துக்குப் போவாது, செவப்பா நிக்கும். பின்னால இருவது பேரு நிக்காவ. பத்து பூஜ்யத்தத் தட்டுனேன். அடுத்த பக்கத்துக்குப் போயிட்டு."

"ம்."

"ஏதாவதுன்னா சொல்லி அனுப்புவோம், வீட்ல போயிப் படுன்னேன். இத்தன வருசமா எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லுதேன். சாயந்திரம் ரிசல்ட் வந்திட்டு. டெங்கு. ரத்தத் தட்டணு பன்னண்டாயிரந்தான். செய்தியும் போயிட்டு சார். அனுப்பியாச்சுன்னு பச்ச டிக் விழுந்திருக்கு."

"பூஜ்யத்துக்கு."

"ஆமா. பூஜ்யத்துக்கு."

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"இன்னைக்கு அவ புருஷன் வந்தாரு. நேத்து அடக்கம் பண்ணியாச்சாம். ரிசல்ட்ட வாங்கிட்டுப் போறேன்னாரு. ஒண்ணும் இருக்காது, இருந்தா சொல்லி அனுப்பியிருப்பாவன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாளாம். நான் ஸ்கிரீனப் பாத்து என்ன சொன்னேன் தெரியுமா சார்? திங்கக்கிழமையே அனுப்பிட்டோமேன்னு சொன்னேன். அந்த மனுசன் கோவப்படல. 'யாருக்கும்மா அனுப்புனிய?'ன்னு கேட்டாரு."

எபனேசர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சைக்கிள் நிறுத்தத்தில் பையன்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நோட்டு இருந்தப்ப என்ன செய்வீங்க?"

"நம்பர் எடம் காலியா இருந்தா ரிசல்ட் எழுதுறவங்க கத்துவாவ. இவ எங்க இருக்கா, யாரு போய்ச் சொல்லன்னு. அதுக்குப் பயந்தே நாங்க வீட்டு அடையாளம் கேட்டு ஓரத்துல எழுதிருவோம். தண்ணித் தொட்டி பக்கம், பச்சக் கதவுன்னு. யாராவது சைக்கிள எடுத்துட்டுப் போவாவ."

"இப்படிப் பூஜ்யம் போட்டது எத்தன பேருக்கு?"

"நாப்பத்தோரு பேரு. இன்னைக்குத்தான் எண்ணிப் பாத்தேன். மாசாமாசம் அறிக்கை எடுத்தேனே, நீங்களும் பாத்தீங்களே சார். விவரங்கள் முழுமை, நூறு சதவீதம்."

அவருக்கு நினைவிருந்தது. அந்த நூறை வட்டமிட்டு, பக்கத்தில் மிக நன்று என்று எழுதியவர் அவர்தான். காலியிடம் விடுகிற அமைப்பு ஓட்டைப் பானை, முக்கியமான கட்டத்துக்கெல்லாம் நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்குங்கள் என்று முதல் வருடத்திலேயே வகுப்பில் சொன்னவரும் அவர்தான். சுயம்புக்கனி அதை நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள். நல்ல மாணவி.

"சொல்லுங்க சார். அவள நான் எந்த எடத்துல தொலச்சேன்? டிசைன்லயா, கவுண்டர்லயா? மூணு வருசம் படிச்சிருக்கேன். இந்தப் படிப்புல அதுக்குப் பதில் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா ஃபாரத்தத் தாங்க."

எபனேசர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. போகாதீங்க அக்கா என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்திருந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பெயர். பதிவு எண். சேர்ந்த வருடம். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: விலகுவதற்கான காரணம். பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

பேனா நின்றது.

"இதுல என்ன எழுத சார்?"

"காரணத்த எழுதுங்க."

"ஒரு வரிதான எடம் இருக்கு."

"அவ்வளவுதான்."

"ஒரு வரியில எப்படி? அப்ப காலியா விட்டுருதேன்."

"ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஏறாது. ஏதாவது போடுங்க அக்கா, நேரமாகுது."

சுயம்புக்கனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மத்தவங்க என்ன எழுதுனாவ?"

அவர் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பழுப்புக் கோப்பை எடுத்துவந்தார். நான்கு வருடத்தில் விலகியவர்கள், இருபத்தேழு பேர். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். குடும்பச் சூழ்நிலை. குடும்பச் சூழ்நிலை. நீல மையில், கறுப்பு மையில், சாய்ந்த எழுத்தில், உருண்டை எழுத்தில். எல்லாவற்றிலும் அதுதான்.

"இருபத்தேழு பேருக்கும் இதே காரணமா சார்?"

"வருஷா வருஷம் மேல அறிக்கை அனுப்புறேன். இடைநின்றவர்கள், காரணம் குடும்பச் சூழ்நிலை, நூறு சதவீதம்."

அவள் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றாள். ரெஜினா. முதல் வருடம் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த பெண். சுயம்புக்கனிக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, பிறகு அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

"ரெஜினா அநாதை விடுதியில வளந்த பிள்ள. அவளுக்கு ஏது சார் குடும்பம்?"



அவள் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மேலே உள்ள எழுத்து ரெஜினாவுடையது, சின்னச் சின்னதாக. கடைசிக் கட்டத்தில் இருந்த எழுத்து வேறு. மூன்று வருடமாகக் கரும்பலகையில் அவள் பார்த்துவந்த எழுத்து.

"இது உங்க எழுத்துல்லா சார்."

"ஆமா. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே நின்னா. வகுப்புக்கு மணி அடிச்சிருச்சு. அம்பது பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க."

வராந்தாவில் மணி அடித்தது. மாணவர்கள் வகுப்புக்குள் போகும் சத்தம் கேட்டது. எபனேசர் எழவில்லை.

சுயம்புக்கனி தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அதுக்கப்புறம் அவளத் தேடிப் போனீங்களா சார்?"

அவர் தாளை அவள் கையிலிருந்து வாங்கி, அது இருந்த இடத்திலேயே கோப்பில் வைத்து மூடினார்.

"எதுக்கு அக்கா தேடணும்? காரணந்தான் எழுதியிருந்துச்சே."