மூச்சுவிட்ட பிணம்

வளசரவாக்கத்தில் ஒரு தடயவியல் டிவி தொடருக்குப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. பல மாதம் அலைந்த பிறகு தெய்வசிகாமணிக்கு அதில் ஒரு வேடம் கிடைத்தது. பிணமாக மேஜையில் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தடயவியல் டாக்டராக நடித்த ருத்ரேஷ்தான் நாயகன். வசனத்தை மனப்பாடம் செய்து வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நாலைந்து டேக் சொதப்பியதும் பிணத்தின் மேல் பாய்ந்தார்.

"இந்த ஆள் வயிறு ஏறி இறங்குது. அதைப் பார்த்துக்கிட்டு எனக்கு எப்படி டயலாக் வரும்? நான் பேசி முடிக்கிற வரைக்கும் மூச்சே விடக்கூடாது. இல்லேன்னா ஆளை மாத்துங்க."

வசனமோ ஒன்றரைப் பக்கம். ஆனாலும் தெய்வசிகாமணி பணிவாக எழுந்து உட்கார்ந்தார்.

"அடக்கிக்கிறேன் சார். நீங்க எங்கயாச்சும் நிறுத்தினா மட்டும், அந்த இடத்துல விட்டுக்கிறேன்."

"நான் ஏன்யா நிறுத்தப்போறேன்?"

கேமரா ஓடியது. "இறந்தவரின் நுரையீரலில்..." என்று தொடங்கிய ருத்ரேஷ் அங்கேயே திணறினார். உடனே பிணம் 'உஸ்ஸ்' என்று மூச்சுவிட்டது. அடுத்த டேக்கில் வசனம் கழுத்தெலும்பு வரை போய் நின்றது. மறுபடி 'உஸ்ஸ்'. அதற்கடுத்த தடவை லைட்மேன் முதல் மேக்கப்காரர் வரை எல்லோரும் பிணத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'உஸ்ஸ்' வந்ததும் தளமே சிரித்தது.

இயக்குநர் வைதேகி வசனத்தாளை ருத்ரேஷிடம் நீட்டினார். "பிணம் ரெடியா இருக்கு சார். நீங்க படிச்சிட்டு வாங்க."

அவர் முகம் சிவந்து ஒரு மூலைக்குப் போனதும், வைதேகி மேஜைப் பக்கம் குனிந்தார்.

"அடுத்த வாரமும் வந்துடுங்க."

"நான்தான் செத்துட்டேனே மேடம்?"

"உங்களுக்கு இரட்டையா பொறந்த தம்பி ஒருத்தன் இருக்கான். அவனையும் கொன்னுடலாம்."