கொக்கு வராத ஓடை

செம்பாறைக் குன்றின் அடியில் ஓடும் ஓடையில் கொடுக்காயி என்றொரு நண்டு இருந்தது. அதற்கு உலகத்தில் ஒரே பயம், கொக்கு. அதன் அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் எல்லோரும் கொக்கின் வயிற்றுக்குள்தான் போயிருந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கொக்கு வருவது நின்றுபோனது. ஓடையும் அடிக்கல் தெரியும்படி தெளிந்தது. பாசி இல்லை, கொசுப்புழு இல்லை. கொடுக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. தான் கொடுக்கைத் தூக்கிக் காட்டியதும் கொக்கு பயந்து ஓடிவிட்டதாகத் தவளைகளிடம் அளந்துவிட்டது. மீன்கள் காணாமல் போனதை அது கவனிக்கவே இல்லை. பீற்றிக்கொள்ளவே நேரம் போதவில்லை, பாவம்.

பிறகு ஓடு கழற்றும் காலம் வந்தது. பழைய ஓட்டைக் கழற்றினால் புது ஓடு சீக்கிரமே இறுகிவிடும். இந்த முறை இறுகவில்லை. ஊறிப்போன அப்பளம்போல் தொளதொளவென்று கிடந்தது. ஒரு புழுவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இப்படியே இருந்தால் செத்துப்போவோம் என்று அதற்குப் புரிந்தது.

கேட்கலாம் என்றால் தவளைகளும் இடம் மாறிவிட்டிருந்தன. வேறு வழியில்லாமல் பக்கத்துக் குளத்துக்கு நகர்ந்துபோய், பாறை இடுக்கில் பதுங்கிக்கொண்டு, அங்கே நின்ற கொக்கைக் கூப்பிட்டது.

"ஏன் அண்ணே, எங்க ஓடைப் பக்கம் வர்றதே இல்ல?"

"அங்க ஒரு மீனைத் தின்னுட்டு வாரம் பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன் தங்கச்சி. குன்று மேல பெருச்சாளி செம்புக்கல் தோண்டி, மிச்ச மண்ணை ஓடைக்கரையில குவிக்கிறான். மழை அதுல இருக்கிற விஷத்தைக் கழுவி ஓடைக்குள்ள இறக்குது."

"அப்ப என்னைத் தின்ன மாட்டியா?"

"உன்னையா? சும்மா குடுத்தாலும் வேணாம்."

உயிர் தப்பிய சந்தோஷத்தைவிட நண்டுக்கு அவமானம்தான் பெரிதாக இருந்தது. அந்தக் கோபத்திலேயே குன்று ஏறியது.

பெருச்சாளி வளை வாசலெல்லாம் செம்புக்கல் பதித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தது. நண்டு சண்டைக்கு நின்றதும், ஓடை இவ்வளவு தெளிவாக ஓடுவதே தன் புண்ணியம்தான் என்று சாதித்தது. சத்தம் கேட்டு மான்களும் முயல்களும் கூடின. அவற்றுக்கும் குடிதண்ணீர் அந்த ஓடைதான். கொடுக்காயியோ வளையிலிருந்து உச்சிச் சுனைக்குப் போகும் ஈரத் தடத்தையே பார்த்தது.

"உன் வளைக்குக் கீழேயே ஓடை ஓடுது. நீ ஏன் மூச்சிரைக்க மேல ஏறிப்போய்ச் சுனைத் தண்ணி குடிக்கிற?"

பெருச்சாளி மீசையை நீவியது. மெல்ல வளைக்குள் நழுவப் பார்த்தது. கூட்டத்துக்கு அது போதும். குவித்த மண்ணையெல்லாம் பெருச்சாளியை விட்டே வாரச் சொல்லி, தோண்டிய குழியை மூடவைத்தார்கள். ஓடை தேறும்வரை கொடுக்காயி உச்சிச் சுனையில் தங்கியது. சாப்பாடு பெருச்சாளியின் பொறுப்பு.

மெல்ல மெல்லப் பாசி வந்தது, மீன் வந்தது. நண்டின் ஓடும் இறுகியது. ஒரு காலையில் கொக்கும் ஓடையில் வந்து இறங்கியது. "அண்ணன் வந்துட்டாரு!" என்று கூத்தாடிய கொடுக்காயி, சட்டென்று நினைவு வந்து வளைக்குள் பாய்ந்தது. உள்ளே நடுங்கிக்கொண்டே சிரித்தது.

எதிரிகூட இறங்கத் தயங்கும் தண்ணீரில் யாருக்கும் வாழ்வு இல்லை.