வயிறு தள்ளிய சுவர்

ஜெசிந்தாவின் இரும்புப் பட்டறையில் சேர்ந்தபோது கலியமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் வெல்டிங் பார்த்துவிட்டு நாகப்பட்டினம் திரும்பியவர். ஜெசிந்தா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனால் பழைய கட்டடத்துக்குள் இரும்பைப் பொருத்துவதில் அந்த வட்டாரத்திலேயே ஜெசிந்தாவை மிஞ்ச ஆளில்லை. அதனால் கலியமூர்த்தி கூச்சப்படாமல் அவரை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டார்.

அந்த மாதம் வேதவல்லி டீச்சர் வீட்டு வேலை வந்தது. பக்கவாதம் வந்து, எட்டு மாதமாக டீச்சர் மாடியை விட்டு இறங்கவில்லை. மாடிப்படி இரண்டு சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே குறுகலாக, செங்குத்தாக இருந்தது. பிடித்து இறங்க ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும்.

"ஒவ்வொரு படிக்கும் தனித்தனியா அளவு எடுங்க அண்ணே," என்று சொல்லியனுப்பினார் ஜெசிந்தா.

கலியமூர்த்தி மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டே அளவு எடுத்தார். கப்பலில் எத்தனை கம்பி போட்ட கை!

மாட்டப் போன அன்று கம்பி ஏழாவது படியில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் சுவர் வயிறு தள்ளியிருந்தது. கம்பியைத் திரும்பக் கொண்டுபோனால் மாஸ்டரிடம் என்ன சொல்வது? பக்கத்தில் யாருமில்லை. உளியை எடுத்துப் புடைப்பைச் செதுக்கினார்.

நாலாவது அடியில் பூச்சு பெயர்ந்தது. உள்ளேயிருந்த செங்கற்கள் பொலபொலவென உதிர்ந்தன.

பள்ளத்தைச் சிமெண்டால் அடைத்து, அது இறுகுவதற்குள் போல்ட்டைச் செருகி, கம்பியை மாட்டி, மேலே வெள்ளையடித்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை ஜெசிந்தா வந்தார். மாடியில் டீச்சர் இஸ்திரி போட்ட சேலை கட்டி, கதவு நிலையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"மாட்டினவர்தான் தொங்கிப் பார்க்கணும் அண்ணே. ஒவ்வொரு படியா வாங்க."

கலியமூர்த்தி கீழிருந்து ஒவ்வொரு படியிலும் கம்பியில் முழு எடையையும் போட்டுத் தொங்கிக்கொண்டே ஏறினார். ஆறு படி தாண்டியாயிற்று.

"ம்... அடுத்தது."

கை நீளவில்லை.

"என்ன தம்பி, இறங்கலாமா?" என்றார் டீச்சர், மேலிருந்து.

"இறங்காதீங்கம்மா!" என்று கத்தினார் கலியமூர்த்தி. "சுவரை உடைச்சுட்டேன். பூசி மறைச்சு வச்சிருக்கேன். பிடிச்சீங்கன்னா பேந்துடும்."

டீச்சர் மெல்லத் திரும்பி, காலை இழுத்து இழுத்து அறைக்குள் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கலியமூர்த்திக்கு.

ஜெசிந்தாவும் திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

இருவருமாகக் கம்பியைக் கழற்றினார்கள். சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் கலவையால் கட்டினார்கள். அது காய மூன்று வாரம் ஆனது. அதற்குள் கலியமூர்த்தி பதினெட்டுப் படிக்கும் அளவு எடுத்தார். சுவரின் வயிறு எங்கெல்லாம் தள்ளியிருந்ததோ, அங்கெல்லாம் கம்பியையும் வளைத்தார். ஏழாவது படிப் பக்கம் போல்ட்டே போடாமல், கெட்டியான இடமாகத் தட்டிப் பார்த்துத் துளையிட்டார்.

மாட்டி முடித்து, பதினெட்டுப் படியிலும் தொங்கினார். கம்பி அசையவில்லை.

ஜெசிந்தா மேலே பார்த்து, "டீச்சர், வரலாம்," என்றார்.

கலியமூர்த்தி சத்தமில்லாமல் வாசல் பக்கம் நழுவினார்.

"எங்க அண்ணே போறீங்க?"

"நீங்க இருந்து இறக்கி விடுங்க மாஸ்டர். நான் வெளிய நிக்கிறேன்."

"ஏன்?"

"அந்தம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

மேலே செருப்புச் சத்தம் படியை நெருங்கியது.

"பார்க்க வேணாம்," என்றார் ஜெசிந்தா. "அவங்களுக்கு முன்னால இறங்குங்க. அவங்க ஒரு கை கம்பியில, ஒரு கை உங்க தோள்ல இருக்கட்டும்."