இரண்டு பக்கச் சாட்சி

சோழவரத்து ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலம். சென்னையே அங்கே திரண்டுவிடும். பாதைக்கு இடப்பக்கம் வைக்கோல் கட்டு, வலப்பக்கம் சுண்ணாம்பு அடித்த பீப்பாய், அவ்வளவுதான் வேலி.

முந்த வருகிறவனை ஒரு பக்கம் மறிக்கலாம், உடனே மறுபக்கமும் பாயக்கூடாது என்பது பந்தய முறை. மில் முதலாளி ராஜரத்தினத்துக்கு முறையாவது மண்ணாவது! கடைசிச் சுற்றில், கூட்டத்தின் கண்ணுக்கு எட்டாத கோடியில், பழைய பியட்டில் முந்த வந்த மெக்கானிக் ஏகாம்பரத்தை இரண்டு பக்கமும் மறித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டார்.

ஏகாம்பரம் நடுவரிடம் முறையிட்டான்.

முதலாளி உறுமினார். "முதல் சுற்றிலேர்ந்து நூல் பிடிச்ச மாதிரி நேராத்தான் வந்தேன். சாட்சி இருந்தா காட்டு. இல்லேன்னா இனிமே இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதே!"

ஏகாம்பரம் கைகட்டி நின்றான். "ஐயா நேராத்தாங்க வந்தாரு. இந்தப் பக்கம் வைக்கோலும் அந்தப் பக்கம் சுண்ணாம்பும்தான் ஓடிவந்து அவர் வண்டியில ஒட்டிக்கிச்சு."

நடுவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். கோப்பை கைமாறியது.

இப்போது அங்கே பந்தயமும் இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை. கிழவராகிவிட்ட ஏகாம்பரம் மட்டும், வழிவிடாமல் வளைந்து வளைந்து போகிற லாரியைக் கண்டால் பின்னாலிருந்து கத்துவார்:

"தம்பி, வைக்கோல் போதும்! சுண்ணாம்பு வேணாம்!"