பார்க்காமல் விட்ட மூன்று துண்டுகள்

கதிரேசன் முப்பது ஆண்டுகள் பீங்கான் ஆராய்ச்சியில் இருந்தவர். வீட்டுக் கோப்பைப் பீங்கான் அல்ல. இரும்பு உருகும் சூட்டிலும் உருக்குலையாமல் நிற்கும் பீங்கான். அதற்காக அவருக்கு ஒரு விருது அறிவித்திருந்தார்கள். செய்தி நாளிதழில் வந்த ஆறாம் நாள் ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தன் ஆசிரியர் லூர்துசாமியைப் பார்க்கப் போனார்.

ஆசிரியருக்கு எண்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. அதை எடுக்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

“விருது வாங்கினவன் வெறுங்கையோட வந்திருக்கே. லட்டு எங்கே?”

“உங்களுக்குச் சர்க்கரை ஆகாதே, சார்.”

“பார்க்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே.”

கதிரேசன் சிரிக்கவில்லை. கடிதத்தை நீட்டினார்.

நாசரேத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஜெபசீலி எழுதியிருந்தார். வாழ்த்து இரண்டு வரி. அதன் கீழே ஒரு கேள்வி. ‘அந்த மூன்றும் என் கையால்தான் கெட்டனவா, சார்? இருபத்துநான்கு வருடமாகக் கேட்க நினைத்தேன்.’

“யார் இது?”

“என் முதல் மாணவி. பொடியைக் கலந்து, அழுத்தி, சூளையில வச்சுச் சுட்டது நான். சுட்டதை விரல் நீளப் பட்டைகளா அறுத்து மெருகேத்தினது அவ. மொத்தம் முப்பது. பலம் பார்க்க ஒவ்வொண்ணா உடைச்சோம். இருபத்தேழு நல்லா தாங்கிச்சு. மூணு மட்டும் பாதி பாரத்துலயே போயிடுச்சு.”

“அப்புறம்?”

“அவ மெருகேத்தும்போது கீறல் விட்டுட்டான்னு சொன்னேன். மூணையும் கணக்கிலேர்ந்து எடுத்துட்டேன். இருபத்தேழை வச்சுக் கட்டுரை எழுதினேன்.”

“முப்பதையும் வச்சு எழுதியிருந்தா?”

“அந்தப் பொருளை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க. பீங்கானுக்குச் சராசரி முக்கியமில்லை, உள்ளதுலயே மோசமானது எதுன்னு பாருன்னு நீங்கதானே சொல்வீங்க.”

“நான் சொன்னது இருக்கட்டும். அந்தப் பொண்ணு?”

“அடுத்த மாசமே ஆராய்ச்சியை விட்டுட்டா.” கதிரேசன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “கை நிதானம் இல்லாதவளுக்கு இந்த வேலை எதுக்குன்னு கேட்டேன், சார். எல்லார் முன்னாலயும்.”

ஆசிரியர் கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார்.

“என்ன பதில் எழுதப்போறே?”

“அதைக் கேட்கத்தான் வந்தேன். தப்பு அவ கையிலயா, என் பொடியிலயா? அந்தத் துண்டுகள் இப்ப இல்லை. கட்டடம் மாறினப்ப எங்கேயோ போயிடுச்சு. இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அதனால, தெரியாதுன்னு எழுதறதுதான் நேர்மைன்னு தோணுது.”

ஆசிரியர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாம்பல் நிறத் துண்டை எடுத்தார். கூடவே ஒரு லென்ஸ்.

“பக்கத்து அறையில போன வாரம் உடைச்சது. ஏன் உடைஞ்சதுன்னு சொல்லு.”

கதிரேசன் எழுந்து ஜன்னலோரம் போனார். உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார்.

“உள்ளேதான், சார். மேற்பரப்புலேர்ந்து கொஞ்சம் ஆழத்துல ஒரு துளை இருக்கு. பொடி சரியா அமுங்காத இடம். விரிசல் அங்கேருந்துதான் கிளம்பியிருக்கு.”

“மெருகேத்தினவர் மேல தப்பில்லையா?”

“இல்லை. கீறலா இருந்தா மேற்பரப்புலேர்ந்தே கிளம்பியிருக்கும். பார்த்தாலே தெரியுமே.”

“எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு?”

“அரை நிமிஷம்.”

“இதுவரைக்கும் எத்தனை உடைச்சிருப்பே?”

“ஆயிரக்கணக்குல.”

“எல்லாத்தையும் இப்படிப் பார்த்தியா?”

“பின்னே? பார்க்காம ஒண்ணைக்கூட விட்டதில்லை.” கதிரேசன் நிறுத்தினார். துண்டை மேசைமேல் வைத்தார். “அந்த மூணைத் தவிர.”

“அந்தப் பொண்ணும் கேட்கலையா?”

“கேட்டா. ஒரு தடவை பார்த்துடுங்க சார்னு லென்ஸோட வந்து நின்னா. கட்டுரை அனுப்ப அன்னைக்குத்தான் கடைசி நாள். நேரம் இல்லைன்னு சொல்லிட்டேன்.”

ஆசிரியர் துண்டையும் லென்ஸையும் இழுப்பறையில் வைத்து மூடினார். வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“வேணும்னு செய்யலை, சார்,” என்றார் கதிரேசன். அவர் குரல் தணிந்திருந்தது. “அவ விட்ட கீறல்தான்னு அன்னைக்கு நிஜமாவே நம்பினேன்.”

“நம்பியிருந்தா பார்த்திருப்பே, கதிரேசா.”