பன்னிரண்டு மயில்களும் ஒரு பலாப்பழமும்

மலையடிக் காட்டில் சிறுத்தை நடமாட்டம் அதிகமாகிவிட்டது. உடனே ஆலமரத்தடியில் கூட்டம் கூடியது. காட்டுப்பன்றிதான் தலைவர்.

தோகையன் என்ற மயில் முன்னால் வந்தது. "பன்னிரண்டு மரம், பன்னிரண்டு மயில்! சிறுத்தை தலை காட்டினா ஒரு மயில் கூவும். அதைக் கேட்டு அடுத்தது கூவும். காடு முழுக்கச் சேதி போயிடும்! கூலி, மாசம் பன்னிரண்டு குவியல் அத்திப்பழம்."

"பதினொண்ணு!" என்றது பன்றி.

"சரி, உங்களுக்காக!"

பேரம் படிந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சோதனையும் அங்கேயே நடந்தது. தலைக்கு மேலிருந்த கிளையில் ஒரு மயில் கூவியது.

"கேட்டுதா?"

"காது கிழியுது!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

கடைசி வரிசையில் செம்பி என்ற காட்டுக்கோழி நின்றிருந்தது. அதன் ஏழு குஞ்சுகளும் அருவிப் பள்ளத்தில் இருந்தன. அங்கே அருவி இரைச்சலில் குஞ்சு கத்துவதே அதற்குக் கேட்காது. மயில்கள் பிடித்து வைத்த மரங்களையும் அது கவனித்தது. எல்லாம் மேட்டில், நல்ல காற்று வரும் இடங்கள். பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை.

"எங்க பள்ளத்துக்குக் கேக்குமான்னு..." என்று இழுத்தது செம்பி.

"பன்னிரண்டு மயில் கூவுது. உனக்கு மட்டும் தனியா வந்து காதுல சொல்லணுமா?" என்றது தோகையன். கூட்டம் சிரித்தது.

செம்பி சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அங்கேதான் அதற்கு ஒரு குறும்பு யோசனை கிடைத்தது.

மறுநாள் பன்றியிடம் போனது. "தலைவரே, எங்க பள்ளத்துச் சேறு இப்ப வெண்ணெய் மாதிரி இருக்கு. ஒரு தடவை புரண்டு பாருங்க!"

பன்றி ஓடியே போய்விட்டது.

செம்பி நேராகத் தோகையனிடம் வந்தது. "ஆலமரத்துக்குப் பக்கத்துல பலா பழுத்து விழுந்திருக்கு. எல்லாரையும் கூப்பிடுங்களேன், உங்க திறமையும் தெரியட்டும்!"

பன்னிரண்டு மயில்களும் கூவின. மான் வந்தது, முள்ளம்பன்றி வந்தது, குரங்குக் கூட்டம் குட்டிக்கரணம் போட்டு வந்தது. பழம் நொடியில் காலி!

மாலையில் பன்றி சேறு சொட்டச் சொட்ட வந்தது. மூக்கு விடைத்தது. "பலா வாசனை! பழம் எங்கே?"

"தின்னாச்சு, தலைவரே!"

"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

"தொண்டை கிழியக் கூவினோமே!" என்றது தோகையன்.

"எனக்கு அருவிச் சத்தம்தான் கேட்டுச்சு!"

செம்பி மெல்ல முன்னால் வந்தது. "பலாவா இருந்ததால உங்க வயிறுதான் காலி, தலைவரே. சிறுத்தையா இருந்தா எங்க வீடே காலி."

பன்றி பள்ளத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு உறுமியது. "தோகையா, மூணு மயில் பள்ளத்துக்குப் போகட்டும்!"

"ஐயோ, சாரல்ல தோகை நனைஞ்சிடுமே!"

"அப்ப உன் கூலியில மூணு குவியல் கிடையாது!"

"அங்க சத்தமே வேண்டாம், தலைவரே," என்றது செம்பி. "மயில் கூவினதும் மேட்டு விளிம்புல யாராவது மூங்கிலை ஆட்டினா போதும். கீழே இருந்து பார்த்தாலே தெரியும்."

"நான் ஆட்டுறேன்! எனக்கு ஒரு குவியல் போதும்!" என்று குதித்தது ஒரு குரங்கு.

செம்பி இலைக்கடியில் ஒளித்து வைத்திருந்த நாலு சுளைகளைப் பன்றியின் முன் தள்ளியது.

மூன்றாம் நாள் மூங்கில் பேயாட்டம் ஆடியது. சிறுத்தை பள்ளத்துக்குள் இறங்கியபோது அங்கே அருவி மட்டும்தான் இருந்தது. ஏழு குஞ்சுகளும் முட்புதருக்குள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தன.

காவல் ஏற்பாட்டுக்கு விலை பேசும் முன், கடைக்கோடி மூலையில் போய் நின்று அது எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.